தை மாதத்து அட்டை

ஏலப்பாறை
22-10-1954

சௌபாக்கியவதி அகிலாண்டத்துக்கு ஆசீர்வாதம்.

சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பு சௌக்கியம்தான், கால்கள்தான் படுத்துகின்றன.

இந்த வருஷம் ஐப்பசி மழை எஸ்டேட்டைத் துவைத்துப் பிழிகிறது. ஆபீஸிலிருந்து பாக்டரிக்குத் தேயிலைக் காட்டு வழியாகத்தான் நான் போய் வர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தலைமைக் குமாஸ்தா என்று அட்டைகள் மரியாதை வைப்பதில்லை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை புள்ளி புள்ளியாகச் சிவந்து, பிறகு நாவல்பழ நிறத்துக்குப் போகிறது. கம்பவுண்டர் நாற்காலியை விட்டு எழாமலேயே பார்த்து, அட்டைக்கடி என்று சொல்லிவிட்டார். புகையிலையும் சுண்ணாம்பும் ஊறிய தண்ணீரை இரண்டு வேளையும் தடவிக்கொள்கிறேன். அந்த நாற்றத்துக்குப் பயந்து என் மேஜைப் பக்கம் யாரும் வருவதில்லை. வேலை சுலபமாக நடக்கிறது.

சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி வலிக்கிறது. கொஞ்ச நேரம் நின்றால்கூடப் புதிதாய் நாலு புள்ளி வருகிறது. ஆகையால் இந்த வருஷம் கல்பாத்தித் தேருக்கு நான் வரவில்லை. அண்ணாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. தேர் வடம் பிடிக்காத தம்பி என்று அவர் வருத்தப்படுவார். நீ வருத்தப்படுவாய் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருஷமாக என்மேல் வருத்தத்தில்தான் இருக்கிறாய். அதோடு இதையும் சேர்த்துக்கொள்.

சாப்பாடு என் கையால்தான். ரசம் இப்போது ரசம் மாதிரியே இருக்கிறது. குருவம்மாள் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, தண்ணீரைக் கொல்லையில் வைத்துவிட்டுப் போகிறாள். "அம்மா எப்பய்யா வருவாக?" என்று நேற்றும் கேட்டாள். மழை விடட்டும் என்று சொல்லிவைத்தேன்.

துரைசுவாமி


கல்பாத்தி
18-11-1954

அநேக நமஸ்காரம்.

தேர் நல்லபடியாக நடந்தது. நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. எஸ்டேட்டில் லீவு கிடைக்கவில்லை என்று எல்லோரிடமும் ஒரே பதிலாகச் சொன்னேன். உங்கள் அண்ணா அதை நம்பி, முகம் தெரியாத உங்கள் வெள்ளைக்காரத் துரையைத் தேர்முட்டியில் நின்று திட்டித் தீர்த்தார். பாவம் அந்தத் துரை.

அட்டைக்கடிக்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுங்கள். புகையிலைத் தண்ணீர் கடிக்கும் முன்னே தடவிக்கொள்வது. கடித்த பிறகு தடவி என்ன பிரயோஜனம்? முழங்கால் வரை சாக்குப்படங்கு சுற்றிக்கொண்டு போங்கள். குமாஸ்தாவுக்கு அது கௌரவக் குறைச்சல் என்றால் அட்டைக்கே கௌரவமாகக் காலைக் கொடுங்கள்.

குருவம்மாள் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். அவள்மேல் எனக்கு எப்போதும் கோபம் கிடையாது. நான் ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்த வாரம், அவளைச் சமையலறைக்குள் விட்டுக் கஞ்சி வைக்கச் சொன்னது நீங்கள். அதை எனக்குப் புகட்டினது நீங்கள். நான் எழுந்து உட்கார்ந்து, குளித்து, விளக்கேற்றின பிறகும் சொல்லாமல் இருந்தது நீங்கள். கரி அடுப்பு இடம் மாறியிருப்பதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். "உசிரு பெரிசா ஆசாரம் பெரிசா?" என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது. நீங்கள் கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

இங்கே விடியுமுன் ஆற்றில் முழுகி, ஈரப்புடவையோடு வந்து அடுப்பு மூட்டினால்தான் எனக்குச் சாதம் இறங்குகிறது. இது என் சுபாவம். உங்களுக்காக மாற்றிக்கொள்ள எட்டு வருஷம் முயற்சி பண்ணினேன். நமக்குப் பிள்ளை குட்டி இருந்தால் ஒருவேளை மாறியிருக்குமோ என்னமோ.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகிலாண்டம்


ஏலப்பாறை
20-1-1955

அகிலாண்டத்துக்கு ஆசீர்வாதம்.

சங்கராந்திக்கு இங்கே கூலி லயங்களில் ஒரே கும்மாளம். குருவம்மாள் வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு வந்தது. கரும்புக்குத் தீட்டு கிடையாது என்று நீயே ஒரு தரம் சொல்லியிருக்கிறாய், ஆகையால் தின்றேன்.

கால் அப்படியேதான் இருக்கிறது. பழைய புள்ளிகள் பழுப்பாகிக் கறையாய் நிற்க, அவற்றுக்கு நடுவே புதிது புதிதாய் வருகின்றன. தடவிப் பார்த்தால் கடுகு ஒட்டினது போல மேடாக இருக்கிறது. இந்த அட்டைகளுக்கு என் ரத்தம் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது, என்ன பண்ண? வேப்பெண்ணெய் போடுகிறேன். இப்போது புகையிலை நாற்றமும் வேப்பெண்ணெய் நாற்றமும் சேர்ந்து, ஆபீஸில் எனக்குத் தனி அறையே கொடுத்துவிடுவார்கள்.

டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். ரத்தினசாமி என்று பெயர், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயசு, மரியாதைக்காரர். எனக்கு "ங்க" போட்டே வாய் வலித்துப்போயிருக்கும் அவருக்கு.

ஒரு விஷயம். அண்ணா வருஷா வருஷம் பண்ணி வைப்பாரே, கருணைக்கிழங்கு லேகியம், அதில் ஒரு டப்பா பார்சலில் அனுப்பு. ஆபீஸில் ஒருவருக்கு மூலத் தொந்தரவு. கேட்டார்.

துரைசுவாமி


கல்பாத்தி
27-1-1955

நமஸ்காரம்.

தை மாதத்தில் ஏலப்பாறையில் அட்டை ஏது?

உங்கள் கடிதத்தை அடுப்படியில் வைத்துப் படித்தேன். பாதியில் எழுந்து வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் மறுபடியும் படித்தேன். எட்டு வருஷம் அந்த மலையில் குடித்தனம் பண்ணினவள் நான். மார்கழிப் பனி விழுந்து நாலு நாள் வெயில் காய்ந்ததும் அட்டைகள் எங்கே போய் ஒளிகின்றன என்று ஒருவருக்கும் தெரியாது. மறுபடி மழை விழுந்தால்தான் தலை காட்டும். தை, மாசி முழுக்க நான் கொல்லையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். நீங்களும்தான். அட்டை கடித்தால் ரத்தம் ஒழுகும், அப்புறம் அரித்துப் பிடுங்கும். கறுத்து மேடாகி மாசக்கணக்கில் நிற்காது. அரிக்கிறது என்று இரண்டு கடிதத்திலும் நீங்கள் எழுதவில்லை.

லேகியம் கேட்ட ஆபீஸ்காரர் யார்? போன வாரம் உங்கள் பழைய வேஷ்டி ஒன்றை இங்கே பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். அதில் கறை. நீங்கள் விஷுவுக்கு வந்து போனபோது விட்டுப்போன வேஷ்டி. அப்போது வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். நீங்கள் வெற்றிலை போட்டு எத்தனையோ வருஷமாகிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பொய் சொல்ல வராதவர்கள் சொல்லாமல் இருந்துவிட வேண்டும். கம்பவுண்டரிடம் அல்ல, அந்தப் புது டாக்டரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். மற்றதையும் சொல்லுங்கள். டாக்டரிடம் வெட்கப்படுவது பைத்தியக்காரத்தனம். என்ன சொன்னார் என்று ஒரு வரி விடாமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் அண்ணாவைக் கம்பளி சுற்றி வண்டி ஏற்றி அங்கே அனுப்பிவிடுவேன். அவர் உங்கள் கூடவே இருந்து வேதாந்தம் பேசட்டும்.

லேகியம் அனுப்பவில்லை.

அகிலாண்டம்


ஏலப்பாறை
8-2-1955

அகிலாண்டத்துக்கு,

அண்ணா வருவார் என்ற பயத்தில் மறுநாளே டிஸ்பென்சரிக்குப் போனேன். நீ ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ரத்தினசாமி என் காலை ஸ்டூல்மேல் வைக்கச் சொன்னார். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் புள்ளிகள்மேல் அழுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, வெறும் சிவப்பா இருந்தா அமுக்குனா வெளுத்துருமுங்க. இது வெளுக்க மாட்டேங்குது பாருங்க. ரத்தம் தோலுக்குள்ளாறயே கசிஞ்சு நிக்குதுங்க" என்றார். தோலுக்கடியில் தலைமயிரைவிட மெல்லிசாக ரத்தக் குழாய்கள் ஓடுகின்றனவாம். அவற்றின் சுவர் அழன்றுபோய்க் கசிகிறதாம். கால் தாழ்ந்த இடம், அதனால் அங்கே முதலில் தெரிகிறது. நின்றால் அதிகமாவதும் அதனால்தான்.

"இது தானா வர்றது கம்மிங்க. உள்ள எங்கியோ ஒண்ணு இருந்து இதைக் கெளப்பி விடுதுங்க. அது என்னன்னு தேடோணும்" என்று சொல்லி ஆரம்பித்தார். தொண்டைப் புண் உண்டா, என்ன மருந்து சாப்பிட்டேன், மூட்டு வலி உண்டா, எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், "வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதுங்களா?" என்றார். மூலம் என்றேன். எத்தனை நாளாக என்றார். போன வருஷம் விஷுவுக்கு முன்னாலிருந்தே என்றேன். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, கையுறை மாட்டி, பரிசோதனை பண்ணினார். அதை எழுதப்போவதில்லை. உள்ளே விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றார். கெட்டியாக இருக்கிறதாம்.

கான்ஸராக இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. குடலில் அப்படி ஒன்று இருந்து, அது தெரிவதற்கு முன்னாலேயே காலில் இந்த மாதிரிப் புள்ளிகள் வந்த கேஸ்கள் சிலதைப் புஸ்தகத்தில் படித்திருக்கிறாராம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொன்னார். "ஆனா காலுல இது வரலைன்னா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்கல்லங்க" என்றார். அது வாஸ்தவம். நீ தை மாதத்துக் கணக்கைக் கேட்டிராவிட்டால் காலில் வந்தும் நான் போயிருக்க மாட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். நாளை கிளம்புகிறேன். ஒலவக்கோடு வழியாகப் போனால் நீ ஸ்டேஷனுக்கு வந்து நிற்பாய். என்னைப் பார்த்தால் இளைப்பு தெரிந்துவிடும். அதனால் கம்பம் இறங்கி மதுரை வழியாகப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அண்ணாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

துரைசுவாமி


வேலூர்
1-3-1955

அகிலாண்டத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. கட்டியிலிருந்து ஒரு துணுக்கும், காலில் ஒரு புள்ளியிலிருந்து தோலும் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். ரத்தினசாமி சொன்னதே சரி. கட்டி கான்ஸர்தான். தோலில் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரெல்லாம் அழன்றிருக்கிறது. உள்ளே இருக்கும் கட்டியோடு உடம்பு போடுகிற சண்டையின் புழுதிதான் காலில் படிகிறது என்கிற மாதிரி இங்கே பெரிய சர்ஜன் சொன்னார். கட்டி வேறெங்கும் பரவின அடையாளம் இல்லை. அதை அடியோடு எடுத்துவிட்டால் பிழைப்பேனாம். காலும் சரியாகிவிடலாமாம்.

எடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டி கடைசிக் குடலின் அடியில் இருக்கிறது. அதையும் ஆசன வழியையும் சேர்த்தே எடுத்துவிட்டு, கீழே தைத்து மூடிவிடுவார்கள். வயிற்றில் இடது பக்கம் ஒரு துவாரம் வைத்துக் குடலின் முனையை அங்கே கொண்டுவந்து தைப்பார்கள். இனி மலம் அதன் வழியாகத்தான். சாகிற வரைக்கும். அடக்க முடியாது. துணி வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் யோசித்தாகிவிட்டது. வேண்டாம் என்பதுதான் என் முடிவு. இந்த மாதம் தாண்டினால் கத்தி எடுத்துப் பிரயோஜனமில்லை என்றார் சர்ஜன். தாண்டட்டும்.

நான் பயந்து சொல்லவில்லை. நீ நிதானமாகப் படி. வயிற்றில் அப்படியொரு வழியை வைத்துக்கொண்டு நான் எந்தப் பந்தியில் உட்காருவேன்? எந்தக் கோவிலுக்குள் போவேன்? அப்பா சிராத்தத்துக்கு அண்ணா பக்கத்தில் எப்படி உட்காருவேன்? இதெல்லாம்கூடப் போகட்டும். என் செருப்பு ஒரு தரம் நடை தாண்டி உள்ளே வந்ததற்கு நீ குடம் குடமாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினாய். நான் குறையாகச் சொல்லவில்லை, அது உன் சுபாவம். அப்பேர்ப்பட்டவளிடம் நான் இந்த வயிற்றோடு வந்து நிற்பதா? நீ முகம் சுளிக்க மாட்டாய். கடமை என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்வாய், அப்புறம் போய்க் குளிப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் உயிரோடு இருக்க வேண்டும். என்னால் முடியாது, அகிலா.

ரத்தம் குறைந்திருக்கிறதென்று ஏற்றுகிறார்கள். அது முடிந்ததும் ஏலப்பாறைக்குத் திரும்புகிறேன். வேலை செய்ய முடிகிற வரை செய்வேன். உனக்கு வேண்டியதெல்லாம் எழுதி வைத்துவிடுவேன். நீ கல்பாத்தியிலேயே நிம்மதியாக இரு.

துரைசுவாமி


ஏலப்பாறை
12-3-1955

நமஸ்காரம்.

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பாருங்கள். தப்பாக எழுதவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் மேஜையில், உங்கள் பேனாவால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே கிளம்பிவிட்டேன். நீங்கள் இங்கே திரும்பி வருவதற்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஓடிவந்தேன். தனியாகத்தான் வந்தேன். கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. ரத்தம் ஏற்றுவது இன்னும் முடியவில்லை, உங்களை அங்கேயே வைத்திருக்கிறார்கள் என்று டாக்டர் ரத்தினசாமி சொன்னார். நீங்கள் அந்த ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

கிளம்புமுன் உங்கள் அண்ணாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு விசிறியைக் கீழே வைத்தார். அப்புறம், "வயத்துலெ அப்டி ஒண்ணு வெச்சுண்டு அவன் ஆத்துக்குள்ளெ கேறினா, ஆசாரம் என்னாகும் அகிலா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்துவிட்டது. "ஒங்க வயத்துக்குள்ளெ என்ன, பன்னீரா ஓடறது? எல்லாருக்கும் உள்ளெ இருக்கறதுதான் அவருக்கு வெளிலெ வரப்போறது" என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசினதே கிடையாது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

குருவம்மாள்தான் சாவி கொடுத்தாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் இல்லை. ஊற்றிலிருந்து ஒரு குடம் எடுத்துவந்து, "கொல்லைல வச்சிரட்டுமாம்மா? நீங்க தண்ணி தெளிச்சுல்லா எடுத்துக்கிடுவீக" என்றாள். உள்ளே கொண்டுவா என்றேன். அவள் சமையலறை நிலையிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வரப்படாதுன்னு ஐயா சொல்லிருக்காக. அன்னைக்கு நடந்ததே போதும்மா" என்றாள். அன்றைக்கு அவள்மேலும் பழி விழுந்திருக்கிறது என்பது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. குடத்தை நானே அவள் இடுப்பிலிருந்து வாங்கி அடுப்படியில் வைத்தேன். அந்தத் தண்ணீரில்தான் சாதம் வடித்தேன், ரசம் வைத்தேன், சாப்பிட்டேன். சந்தோஷமாகச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன். அதுவும் அவள் கொண்டுவந்த தண்ணீர்தான். அதற்கப்புறம் இறங்கிற்று.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், என் ஆசாரம் என்னுடையது. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று நான்தான் முடிவு பண்ண வேண்டும். அன்றைக்கு என்னைக் கேட்காமல் நீங்கள் விட்டீர்கள். இன்றைக்கும் என்னைக் கேட்காமல் நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அகிலாண்டம் தாங்க மாட்டாள், அதனால் நான் செத்துப்போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? அகிலாண்டத்தை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நாளைக்கு ஊரில், ஆசாரம் பார்த்தே அகமுடையானைக் கொன்றவள் என்று என்னைச் சொல்ல வேண்டுமா? சாவதானால் உங்கள் பேரில் சாகுங்கள். என் பேரைச் சொல்லிச் சாகாதீர்கள்.

குளிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், குளிப்பேன். உங்கள் துணியை அலசிப் போட்டுவிட்டுக் குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். கைக்குழந்தைக்காரி ஒவ்வொருத்தியும் தினம் செய்கிற காரியம். அந்தக் குழந்தை அதைப் பார்த்து, இனி எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்றா நினைக்கிறது? அந்தப் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை, இதையாவது செய்ய விடுங்கள்.

எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் உங்களுக்குப் புரியாது. ஆப்பரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுங்கள். நான் நாளை மறுநாள் மதுரை வழியாகக் கிளம்பி வருகிறேன்.

அகிலாண்டம்


வேலூர்
16-3-1955

அகிலாவுக்கு,

நீ அநேகமாக இதற்குள் கிளம்பியிருப்பாய். இந்தக் கடிதம் ஏலப்பாறைக்குப் போய் உன்னைத் தேடும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் கவர் வந்தது. ஏலப்பாறை முத்திரையைப் பார்த்ததும் குருவம்மாள் யாரையோ விட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே உன் கையெழுத்து. படித்துவிட்டுக் கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்தேன். உன்னைக் கேட்கவே இல்லை என்பது வாஸ்தவம். கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, அது ஏன் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஆப்பரேஷன். பயமாக இருக்கிறது. நீ வந்துவிடு.

துரைசுவாமி


வேலூர்
2-6-1955

அகிலாவுக்கு ஆசீர்வாதம்.

நீ கல்பாத்திக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. இரண்டு மாதம் கூடவே இருந்து பழக்கப்படுத்திவிட்டாய், இப்போது வார்டு வெறிச்சென்று இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர், "ஒங்க வூட்டம்மா திட்டுறது கேக்காம தூக்கம் வர்ல சார்" என்கிறார்.

காலையில் டியூப் வைத்து ஒரு தரம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால் அப்புறம் மறுநாள் வரை அநேகமாகத் தொந்தரவு இல்லை. நானே செய்துகொள்கிறேன். மேலே பஞ்சு வைத்துத் துணி சுற்றுவதுதான் சரியாக வரவில்லை. நீ கட்டினால் நழுவாது, நான் கட்டினால் நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்பை விட்டு இறங்கிவிடுகிறது. குளித்துவிட்டுச் சந்தியாவந்தனம் பண்ணலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை.

காலில் புதிதாக ஒரு புள்ளியும் இல்லை. கறைகளும் மங்கிவிட்டன. சர்ஜன் தினமும் முதலில் காலைத்தான் பார்க்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், ஐந்து வருஷம் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். அந்த ஐந்து வருஷத்தில் என்ன பண்ண வேண்டும் என்று கேட்டேன். எப்போதும் பண்ணுவதைப் பண்ணுங்கள் என்றார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்று நீ சொல். ஆனி மாதம் அப்பா சிராத்தம் வருகிறது. அண்ணா என்ன சொல்கிறார்? நல்லதோ கெட்டதோ, அவர் சொன்னதை அப்படியே எழுது. மறைத்துவைப்பது நம் இருவருக்குமே ஒத்துவரவில்லை.

துரைசுவாமி


கல்பாத்தி
7-6-1955

நமஸ்காரம்.

ஏலப்பாறை வீட்டுக்கு. டாக்டர் ரத்தினசாமிக்கும் குருவம்மாளுக்கும் எழுதிவிட்டேன். கம்பவுண்டருக்கு எழுதவில்லை. நானும் சாமான்களோடு அங்கே வருகிறேன். மடிப்புடவையும் வருகிறது, அதற்கு மச்சில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். ஊற்றுத் தண்ணீரை உள்ளே கொண்டுவருவது குருவம்மாள். மாமியாரையும் மருமகளையும் போல எனக்கும் அவளுக்கும் தினம் சண்டை வரும். நீங்கள் நடுவில் வரக்கூடாது.

உங்கள் அண்ணா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னீர்கள். நேற்றுக் காலை பூஜை முடிந்ததும் கூப்பிட்டார். "அவன் இங்கெ வரட்டும். வேண்டாம்னு நான் சொல்லலெ. வாசல் ரூம்லெ இருக்கட்டும், எலை தனியாப் போட்டுடலாம். பந்திலெ ஒக்காந்தா மத்தவா எழுந்து போயிடுவா. அப்பா சிராத்தம் இந்த வருஷம் நான் ஒத்தனே பண்ணிக்கறேன். அவன் பண்ணப்படாது" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போன தடவை மாதிரிக் கத்தவில்லை. "நீங்களே பண்ணுங்கோ. இந்த வருஷம் ஒங்க தம்பிக்கு நீங்க சிராத்தம் பண்ண வேண்டியிருக்குமோன்னு நான் மாசி மாசத்துலெ பயந்துண்டு ஒக்காந்திருந்தேன். அது இல்லெ. நேக்கு அது போறும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கூடத்தில் இரண்டு தரம் நடந்தார். நான் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிலைப்படிக்கு வந்து நின்று, "அகிலா, அவனுக்கு இப்பொ வலி இருக்கோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். உங்கள் அண்ணா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அகிலாண்டம்